கெசையா வீடு திரும்பும் பக்கம்

அன்பு மகள் திர்சாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் அதைக் கிருபையின் தலையிலேயே கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே நீயும் குழந்தை ஜூனியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்வதைத் தவிர ஒன்பது வருடமாக எனக்கு நீ வேறு எதையும் விட்டுவைக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். அடுப்பில் கோழிக்குழம்பு பொங்குகிறது என்று நான் சொன்னது பொய் இல்லை, அடுப்பை அணைக்க எனக்குத் தெரியும் என்பதும் பொய் இல்லை. நன்றி கூறும் நாளுக்கு ஜூனியைக் கூட்டிக்கொண்டு வர்றேம்மா, நீ ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லு, வர்றேன் என்றாய். எந்த வார்த்தை என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போர்ட்லண்டுக்குப் போய்ப் புல்லும் விதையும் போட்ட ரொட்டியைத் தின்றாலும் பிடிவாதம் மட்டும் நம் ஆர்க்கன்சாப் பிடிவாதமாகவே இருக்கிறது உனக்கு. அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அதற்கு முன் சேதி ஒன்று இருக்கிறது.

நெட்டி செத்துவிட்டாள். உனக்குச் சந்தோஷமாக இருந்தால் இருந்துவிட்டுப் போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஈரலில் புற்று. மஞ்சளாகி மஞ்சளாகிக் கடைசியில் தன் வீட்டுத் திரைச்சீலை நிறத்துக்கே வந்துவிட்டாள், நாற்பது வருடமாக அதைத் துவைக்காமல் வைத்திருந்ததன் பலன் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிள்ளைகுட்டி இல்லாதவள். டல்சாவிலிருந்து அக்கா மகள் ஒருத்தி வந்தாள், கிழவிக்கு மூச்சு இருக்கும்போதே சாப்பாட்டு மேசையை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை அடக்கம். சபையார் சாவு வீட்டுக்குப் பதினோரு கேசரோல் சுட்டுக் கொண்டுவந்தார்கள், அதில் ஒன்பது டப்பாவைத் திறந்து கொட்டிய பச்சைப் பீன்ஸ், செத்தவள் மேல் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உன் பக்கத்திலிருந்தே சொல்லிச் சொல்லி நீ பழகிவிட்டாய், ஒருமுறை என் பக்கத்திலிருந்து கேள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் வயிற்றில் பிள்ளை என்று நீ என்னிடம் சொன்னாய். நான் நெட்டியிடம் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. நெட்டி கர்த்தரிடம் சொன்னாள். அதையும் நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அவள் சொன்னது செவ்வாய்க்கிழமை வாசிப்பு வட்டத்தில், பெண்கள் எல்லாரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருக்கும்போது, சத்தமாக. நம் சபையில் ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது பேர் சொல்லக்கூடாது என்பது முறை, அந்த முறையை அவள் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. நம்ம நடுவுல ஒரு தாய் இருக்காங்க கர்த்தாவே, அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஜூன் மாசம் கல்யாணம், கவுன்கூட தைச்சாச்சு, அந்தக் கவுன் இனிமே பத்தாது கர்த்தாவே என்று ஜெபித்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னிலிருந்து மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். ஆமென் சொல்வதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள், நானும் திறந்திருந்தேன், அதனால்தான் பார்த்தேன். அதற்குப் பின் அந்த மாப்பிள்ளைப் பையன் சபை மூப்பர்கள் முன்னால் நின்று நான் அவளைத் தொட்டதே இல்லை என்று சொன்னதும், அவன் ஆராதனையில் கித்தார் வாசிக்கிறவன் என்பதால் அவர்கள் நம்பியதும், கிறிஸ்துவின் அன்போடு மோதிரத்தைத் திருப்பிக் கேட்டதும், நீ பஸ் ஏறியதும் உனக்கே தெரியும். என்னம்மா செஞ்சுட்ட என்று நீ பஸ் படியில் நின்று கேட்டாய். நான் செய்யவில்லை, நெட்டி செய்தாள் என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அப்படியென்றால் அவளோடு ஏன் உறவை வெட்டிக்கொள்ளவில்லை என்று நீ ஒருமுறை கிறிஸ்துமஸ் அட்டையில் கேட்டிருந்தாய். வெட்டிக்கொண்டால் நான் புத்தகத்தைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? உன் அப்பா வாசிப்பது டிராக்டர் விலைப்பட்டியல். இந்த ஊரில் ஒரு நாவலை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, அந்தப் பண்ணைக்காரன் அவளுக்குத் தகுதியே இல்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்ல நெட்டியை விட்டால் ஆள் கிடையாது. காலையில் தியானப் புத்தகம், பூப்போட்ட அட்டை, ஒரு வசனம், ஒரு குட்டிக்கதை, அடியில் இன்று நான் எதற்காக நன்றி சொல்கிறேன் என்று எழுத இரண்டு வரி காலியிடம். அது மருந்து, கடமைக்குக் குடிப்பது. மத்தியானம் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நாவல், அதுதான் சாப்பாடு. முதலில் கடைசிப் பக்கத்தை வாசித்து எல்லாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, பிறகு முதல் பக்கத்திலிருந்து நிம்மதியாக அழுதுகொண்டே வாசிப்பது, அந்தச் சுகம் உனக்குத் தெரியாது, நீ சின்ன வயதிலிருந்தே கடைசிப் பக்கத்தைக் கடைசியில்தான் வாசிப்பாய். நெட்டியும் நானும் இந்தச் சுகத்தில் ஒரே ஜாதி. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே, உள்ளே கோபத்தை அணையாமல் வைத்திருந்தேன், கணப்பில் கட்டை வைப்பது போல அவ்வப்போது ஒன்று போட்டுக்கொண்டு.

சபை நூலகத்தில் எந்த நாவலும் அலமாரிக்குப் போகுமுன் ஒருத்தி முழுக்க வாசித்து, கூடாததைக் கறுப்பு மார்க்கரால் அடிக்க வேண்டும் என்பதும், அந்த ஒருத்தி நான்தான் என்பதும் உனக்கு நினைவிருக்கும். கடைசிப் பக்கத்து முத்தத்தை விட்டுவிடுவேன், கல்யாணம் நிச்சயமான பிறகுதானே. நடுவில் எங்காவது அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது என்று வந்தால் மூச்சையும் அடிப்பேன், கழுத்தையும் அடிப்பேன். நம் பெண்கள் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று தெரியும், அதனால் இரண்டு தடவை அடிப்பேன். நெட்டிக்குக் கண் பார்வை போன பிறகு, எப்படியும் நான் வாசிக்கத்தானே வேண்டும் என்று அந்த முதல் வாசிப்பையே அவளுக்குச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மார்க்கர் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே, ஏய், என்னடி அடிக்கிற, குருடிகிட்ட சொன்னா என்ன குறைஞ்சா போயிடும் என்று கெஞ்சுவாள். சொல்லமாட்டேன். அவளுக்கு நான் செய்ய முடிந்த கொடுமை அப்போதைக்கு அவ்வளவுதான்.

இந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் காத்துக்கொண்டிருந்த தொடரின் ஏழாவது புத்தகம் வந்தது. வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன காலத்துக் கதை, கன்சஸ் புல்வெளி, மூன்று சகோதரிகள். கெசையா என்ற கடைசிப் பெண் ஆறாவது புத்தகத்தில் தாயோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஏழாவதில் திரும்பி வருவாள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும், இருந்தாலும் நெட்டி ஒரு வருடமாக அதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கெசையா வீட்டுக்கு வர்றத கேட்டுட்டுத்தான் போவேன் என்று நர்ஸிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். கடைக்கு வருமுன்பே வாசித்து நாலு நல்ல வார்த்தை எழுதுகிறவர்களுக்குப் பதிப்பகம் ஒரு பிரதி அனுப்பும், சபை நூலகத்தின் பேரில் அது எனக்கு வரும். போதகரின் மனைவி கோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, சிஸ்டர் வெர்லீன், நீங்கதான் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், உங்க குரல் கேட்டாத்தான் அவங்களுக்குச் சமாதானம் என்றாள். அவளுக்கு வயது முப்பது, மனிதர்கள் நல்லவர்கள் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுடைய கேசரோலும் அப்படித்தான் உப்புச் சப்பில்லாமல் இருக்கும்.

நெட்டி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்தேன். பனி பெய்கிறது, கெசையா வேலிக் கதவைத் திறக்கிறாள், தாய் சால்வைகூடப் போடாமல் மாவுக் கையோடு ஓடிவருகிறாள், மகள் வாய் திறக்கும் முன்பே தாய் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறாள். முழங்காலளவு பனியில், மாவுக் கையோடு. எழுதினவளுக்கு மகள் இருக்கமாட்டாள். இதை நான் நெட்டிக்கு வாசிக்கவா, என் வாயால், அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டு ஸ்தோத்திரம் சொல்லவா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே போனேன், அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன், புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன், அதைப் பார்க்காமலேயே வாசிக்க ஆரம்பித்தேன்.

நானே கட்டிச் சொன்ன கதையில் ஒரு பக்கத்துப் பண்ணைக்காரி வந்தாள். மூக்கால் ஜெபிப்பாள், வேகாத ஆப்பிள் பை பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நம் வீட்டுச் சங்கதியை வாங்கிக்கொண்டு போவாள். கெசையா ஊரை விட்டுப் போனதே அவள் நாக்கால்தான் என்று வைத்தேன். அதன் பிறகு அவளைப் படுத்தியதுபோல வேதத்தில் வரும் யோபைக்கூடக் கர்த்தர் படுத்தவில்லை. கிணற்றை வற்றவைத்தேன், பசுவைக் கொன்றேன், வெட்டுக்கிளியை விட்டேன், தலைமயிரைக் கொட்டவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் குல்லா காற்றில் பறக்கவும் செய்தேன். திர்சா, என் ஆயுளில் நான் ஒரு புத்தகத்தை இவ்வளவு அனுபவித்ததில்லை. ராத்திரி படுக்கையில் நாளைக்கு அவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துச் சிரிப்பேன், உன் அப்பா என்ன என்று கேட்பார், தியானம் செய்கிறேன் என்பேன். நெட்டி கேட்டுக்கொண்டே கிடப்பாள். ஏண்டி, அவ கொண்டுவர்ற பை ஒருநாள்கூட வேகாதா என்று ஒருமுறை கேட்டாள். எழுதினவங்களத்தான் கேக்கணும் என்றேன். இன்னொரு நாள், இவ எப்படி செத்தா என்ன, சீக்கிரம் கொல்லச் சொல்லு, எனக்கு நேரம் இல்ல என்றாள்.

இந்த வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் உன் தொலைபேசி வந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை மத்தியானம் போனேன். நர்ஸ் வாசலிலேயே நிறுத்தி, இன்னிக்கு முடிச்சிருங்க என்றாள். கதையைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் உட்கார்ந்து வாசிக்க வாயைத் திறந்ததும் நெட்டி கையைத் தூக்கினாள், எலும்புதான், கை இல்லை. போதும்டி வெர்லீன், வெட்டுக்கிளி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும், நீ இத்தனை அத்தியாயத்துல மார்க்கர் மூடியை ஒரு தடவைகூட திறக்கல, அந்த வாசனையே வரல, அடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத புஸ்தகத்த இதுவரைக்கும் நீ பாத்ததில்ல என்றாள். பின்ன ஏன் கேட்டுக்கிட்டிருந்தே என்றேன். சிரித்தாள், சிரித்தால் அவளுக்கு வலிக்கும், ஆனாலும் சிரித்தாள். அடுத்து என்ன வரும்னு தெரியாம நான் கேட்ட முதல் கதை இதுதான், நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பசு பாவம் என்றாள்.

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கெசையாவ விடு, அவ வருவா, அவளுக்கு வேற வேலை இல்ல, உன் பொண்ணு வர்றாளா, அதச் சொல்லு என்றாள். எதுக்குக் கேக்கற என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். அன்னிக்கு ஜெபத்துல நான் கர்த்தர்கிட்ட பேசல வெர்லீன், அந்த மூணாவது நாற்காலிகிட்டதான் பேசினேன், உனக்குப் பேத்தி வரப்போகுதுன்னு எனக்கு வயித்தெரிச்சல், எனக்கு ஒண்ணும் பொறக்கலையே, மன்னிச்சுக்கோன்னு அவ கையப் புடிச்சு சொல்லிட்டுப் போயிடுறேன், நீ சொல்லமாட்ட, உன் வாயில அது வராது, பள்ளிக்கூடத்துலேருந்தே வராது, அதனாலதான் உனக்கும் சேத்து நானே சொல்லிடலாம்னு இருக்கேன், வர்றாளா என்று கேட்டாள். பார்வையில்லாத கண்ணை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

நீ தொலைபேசியில் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, வர்றேன். உன் அப்பா எங்கேயோ பழைய சாமான் விற்ற வீட்டில் சிறுபிள்ளைக்கான சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, என்னிடம் கேட்காமல் கொட்டகையில் வைத்துச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நெட்டியிடம் வர்றாள் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. நான் சொன்னேன், வரல, வரமாட்டா என்றேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகம் அப்படித் திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன், பார்த்துவிட்டேன். வயிறு நிறையும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோள ரொட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டேன், மண் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் கோரீன் கூப்பிட்டு நெட்டி போய்விட்டாள் என்றாள்.

அடக்கத்தில் கோரீன் என்னைக் கட்டிக்கொண்டு, முடிவைக் கேட்டுட்டாங்களா சிஸ்டர் என்று கேட்டாள். கேட்டுட்டா என்றேன். அவ்வளவுதான், அதை அப்படியே கொண்டுபோய்ப் போதகரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் பிரசங்கத்தில் சகோதரி நெட்டி, தன் சிநேகிதியின் குரலில் ஒரு மகள் வீடு திரும்புவதைக் கேட்டுக்கொண்டே பரலோக வீட்டுக்குத் திரும்பினார் என்று சொன்னார். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். உன் பழைய மாப்பிள்ளை கித்தார் வாசித்தான், இப்போது தலை பாதி வழுக்கை, மூன்று பிள்ளைகள், மூன்றுமே அவன் மூக்கோடு பிறந்திருக்கின்றன. நீ அனுப்பிய போட்டோவில் ஜூனிக்கும் அதே மூக்குதான், மூப்பர்களுக்குக் கண் இருந்தால் நீங்கள் வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முறையாக வாசித்து முடித்தேன், அலமாரிக்குப் போக வேண்டுமே. நெட்டி சொன்னது சரிதான், அடிக்கப் பதினான்கு இடம் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் கூடாதது எதுவும் இல்லை, பனியும் மாவும்தான். இருந்தும் என் கை சும்மா இருக்கவில்லை, அந்தத் தாய் மகளிடம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்தேன், இரண்டு தடவை. நம் பெண்கள் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, கெசையாவின் அம்மா என்னவோ கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறாள் என்று ஒரு வருடம் பேசுவார்கள், பேசட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். செத்துக்கொண்டிருந்தவளிடம் நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன், இனி அவளிடம் போய் மாற்றிச் சொல்ல வழியில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்க உன் ஒருத்தியால்தான் முடியும். அவள் உன்னிடம் சொல்ல வைத்திருந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது, அதை என்னோடு வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் கீழே எழுதிவிடுகிறேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லப்போவதாக அவள் சொன்னாள், அது அவள் சொன்னது. கையெழுத்து என்னுடையது, மார்க்கரால் அடிக்கவில்லை, யாருடைய வார்த்தை என்று நீயே வைத்துக்கொள்.

மன்னிச்சுக்கோ.

கர்த்தர் உன்னையும் குழந்தையையும் காத்து, போக்கிலும் வரத்திலும் துணையாக இருப்பாராக. ஜூனிக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் நிறைய எடுத்துவா, கொட்டகையில் குளிர் அதிகம், உன் அப்பா அவளை அங்கேயேதான் வைத்திருப்பார். அந்த விதை ரொட்டியைக் கொண்டுவராதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வெர்லீன்